சந்தியாகப்பரைப் பார்க்க எங்கே இருந்து நடப்பது?

எங்க அம்மா கேட்ட ஒரே கேள்வியில் பாதி வழிகள் அடிபட்டுப் போயின. நானும் அக்காவும் மேப்பை விரித்து, ஸ்பெயினில் சந்தியாகப்பர் கோயிலுக்குப் போகும் நடைவழிகளில் எந்தத் துண்டு அழகு, எந்தத் துண்டில் கூட்டம் குறைவு என்று வீடியோ காலில் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே கேட்டார்: "அவ்வளவு தூரம் போய், அவ்வளவு நடந்துட்டு, கோயிலைப் பார்க்காம திரும்பி வருவீங்களா?"

விஷயம் இதுதான். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்று ஓர் ஊர். இயேசுவின் சீடர் யாகப்பரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. நாம் சந்தியாகப்பர் என்கிறோமே, அவரேதான். அந்த ஊர்ப் பெயரும் நம்ம ஊர் சந்தியாகு என்ற பெயரும் ஒரே வேரில் வந்தவை. தங்கச்சிமடம் பக்கம் ஜூலை 25-ல் திருவிழா எடுப்பதும் இவருக்குத்தான். எங்க தாத்தா பெயர் சந்தியாகு, எலத்தகிரியில் அந்தப் பெயரைத் தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கல்லறையை நோக்கி ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் நடந்து வருகிறார்கள், அந்த வழிகளுக்குப் பொதுவாகக் காமினோ என்று பெயர். அதில் ரொம்பப் பேர் தெரிந்து வைத்திருப்பது பிரான்ஸ் எல்லையில் சான் ஜான் என்ற ஊரில் தொடங்கும் பிரெஞ்சு வழி, கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் முப்பத்தைந்து நாள்.

எங்களிடம் முப்பத்தைந்து நாள் இல்லை. அக்கா ஜெர்மனியில் நர்ஸ், நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைக்கிற லீவு பதினாலு நாள். விமானம், ரயில், ஒரு நாள் கை இருப்பு எல்லாம் போக நடப்பதற்கு ஒன்பது நாள் தேறும். ஒரு நாளைக்கு இருபது, இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று வைத்தால் ஆக மொத்தம் 190. ஆக, முழு வழியில் ஒரு துண்டைத்தான் எடுக்க முடியும், எந்தத் துண்டு என்பதுதான் கேள்வி.

துண்டாக நடப்பது ஏதோ குறைச்சலான காரியம் என்று நினைக்க வேண்டாம். அம்மா வேளாங்கண்ணிக்கு மூன்று முறை நடந்திருக்கிறார், ஒரு முறைகூட வீட்டு வாசலில் இருந்து நடந்ததில்லை. இங்கிருந்து தஞ்சாவூர் வரை பஸ், அங்கே இறங்கிச் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, திருவாரூர் வழியாகக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் நடை. யாரும் அதை அரை நடை என்று சொன்னதில்லை. எங்கே தொடங்கினாலும் தொடங்கலாம், முடிவது மாதா வாசலில் முடிய வேண்டும், அவ்வளவுதான் அம்மாவின் சட்டம். அந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தபோது எங்க பட்டியல் சட்டென்று சுருங்கிவிட்டது.

முதலில் போனது பிரெனே மலை. சான் ஜானில் இருந்து ரோன்செஸ்வாயெஸ் வரை முதல் நாளே 25 கிலோமீட்டர், 170 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, மறுபக்கம் செங்குத்தாக இறங்க வேண்டும். போட்டோவில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் உடம்பு இன்னும் நடைக்குப் பழகாத முதல் நாளிலேயே ஆகப் பெரிய மலையை வைத்திருக்கிறார்கள், ஒன்பது நாளில் லொக்ரோன்யோவைத் தாண்டிக் கொஞ்சம் போகலாம், அங்கிருந்து பஸ் பிடித்து ஊருக்கு வர வேண்டியதுதான். வேண்டாம்.

இரண்டாவது மெசெத்தா. இதை விடும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. புர்கோஸில் இருந்து லெயோன் வரை ஏறக்குறைய 180 கிலோமீட்டர், எங்க ஒன்பது நாளுக்கு அளந்து வெட்டினாற்போல. மேட்டுநிலம், கண்ணுக்கெட்டிய வரை அறுவடை முடிந்த கோதுமைக் காடு, நிழல் கிடையாது. ஓரிடத்தில் கார்ரியோன் என்ற ஊரை விட்டால் அடுத்த ஊர் வர 17 கிலோமீட்டர் ஆகும், நடுவில் வீடு வாசல் எதுவும் இல்லை. வெள்ளைக்காரர்கள் பலர் இந்தத் துண்டு போர் அடிக்கிறது, வெயில் தாங்க முடியவில்லை என்று பஸ்ஸில் ஏறித் தாண்டிவிடுகிறார்களாம். பாலக்கோட்டில் இருந்து பென்னாகரம் போகிற ரோட்டில் சித்திரை மாசம் மொபெட் பஞ்சர் ஆகி, அதைத் தள்ளிக்கொண்டே நாலு கிலோமீட்டர் நடந்தவளிடம் வெயிலைப் பற்றிச் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ அந்த வெறுமைதான் பிடித்திருந்தது. ஒன்றுமே இல்லாத வழியில் நடந்தால்தான் ஜெபமாலை சொல்லத் தோன்றும். ஆனால் அது லெயோனில் முடிகிறது. லெயோன் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் எவ்வளவு அழகு என்று நான் சொல்லச் சொல்ல, "அது யாரு கோயில்?" என்றார் அம்மா. கன்னி மரியாளுக்கு உரியது என்றேன். "மாதா இங்கயே இருக்காங்களே, கிருஷ்ணகிரியிலயே பாத்திமா மாதா இருக்காங்க." அதோடு மெசெத்தா முடிந்தது.

சரி, சந்தியாகப்பர் வாசலில் முடிகிற துண்டுகளை மட்டும் பார்ப்போம்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. நடந்து வந்தவர்களுக்கு அங்கே லத்தீன் மொழியில் பெயர் எழுதி ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அதற்கு நடையாக வருபவர் குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும், சைக்கிள் என்றால் 200. அத்தாட்சிக்கு பேங்க் பாஸ்புக் மாதிரி மடிக்கிற ஓர் அட்டை. தங்குகிற இடம், டீக்கடை, சர்ச் என்று போகிற இடமெல்லாம் அதில் முத்திரை வாங்க வேண்டும், நாளுக்கு இரண்டு முத்திரையாவது இருக்க வேண்டும். நான் பாஸ்புக் என்று எழுதியது சும்மா இல்லை, பார்ப்பதற்கே அப்படித்தான் இருக்கிறது, எங்க மாமா அதைப் பார்த்துவிட்டு "இதுல வட்டி போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டார்.

இந்த 100 கிலோமீட்டர் விதிதான் சாரியா என்ற ஊரை வாழ வைக்கிறது. சாரியாவில் இருந்து சாந்தியாகோ 115 கிலோமீட்டர், ஊருக்கே ரயில் வருகிறது, ஐந்தாறு நாளில் முடித்துவிடலாம். (ரயிலே இல்லாத கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, அந்தச் சின்ன ஊருக்கு ரயில் வருகிறது என்று படித்தபோது வயிறு எரிந்தது, அது வேறு கதை.) 2024-ல் சான்றிதழ் வாங்கியவர்கள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர், அதில் பத்துக்கு மூன்று பேர் சாரியாவில் தொடங்கியவர்கள். அதனால் என்ன ஆகிறது என்றால், அங்கிருந்து வழி திருவிழாக் கூட்டமாகிவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள், டூர் கம்பெனிகள் வேனில் பையை அனுப்பிவிட்டுக் கை வீசி நடப்பார்கள், படுக்கைக்குப் போட்டி. கூட்டம் நமக்குப் புதிதில்லை. ஆகஸ்ட் கடைசியில் நாகப்பட்டினம் ரோட்டில் காவிக்கொடியும் நீலக்கொடியுமாக நடந்தவர்களுக்கு இதெல்லாம் கூட்டமே கிடையாது என்பார் அம்மா. ஆனால் அங்கே நடக்கிற கூட்டத்துக்கு வழியெல்லாம் மோர்ப்பந்தல் இருக்கும், சாப்பாடு போடுவார்கள், மண்டபத்தில் ஓரமாகப் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் காபிக்கும் காசு, கட்டிலுக்கும் காசு, கட்டில் தீர்ந்துவிட்டால் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். கூட்டத்தின் கஷ்டம் உண்டு, நம்ம ஊர்க் கூட்டத்தின் சுகம் இல்லை. ஐந்தாறு நாள்தான் இருக்கிறது, அதுவும் தனியாகப் போகிறீர்கள், பயம் இருக்கிறது என்றால் சாரியாவையே எடுங்கள், தப்பே இல்லை. ஒன்பது நாளை வைத்துக்கொண்டு அங்கே தொடங்குவது எனக்கு மிச்சம் வைத்த சோறு மாதிரி தோன்றியது.

அங்கே ஓரிடம் மட்டும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த இடம் மாதிரி இருக்கிறது. சாரியாவில் இருந்து 22 கிலோமீட்டரில் போர்த்தொமரீன் என்ற ஊர் வருகிறது. 1960-களில் மின்யோ ஆற்றில் அணை கட்டியபோது பழைய ஊர் மூழ்கிவிட்டது. மூழ்குவதற்கு முன்னால் சர்ச்சைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதி, மேலே குன்றில் கொண்டுபோய் மறுபடியும் அடுக்கியிருக்கிறார்கள், அந்த எண்கள் இன்னும் சில கற்களில் தெரிகின்றனவாம். தண்ணீர் வற்றினால் பழைய ஊரின் சுவர்களும் பாலமும் வெளியே வரும். இதைப் படித்ததும் எனக்குப் பண்ணவாடிதான் ஞாபகம். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் நந்தியும், அந்தப் பழைய சர்ச் கோபுரமும் தலை காட்டுமே, நாகமரைப் பக்கம் இருந்து பரிசலில் போய்ப் பார்த்திருக்கிறோம். நம்ம ஆட்கள் அந்தக் கோபுரத்தைப் பிரித்து எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தண்ணீருக்குள் நிற்கிற கோபுரத்தில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது.

போர்த்தொமரீனை சாரியாவில் தொடங்கினாலும் பார்க்கலாம், நான் சொல்லப்போகிற வில்லாஃப்ராங்காவில் தொடங்கினாலும் பார்க்கலாம். வில்லாஃப்ராங்கா தெல் பியெர்ஸோ, சாந்தியாகோவுக்கு ஏறக்குறைய 187 கிலோமீட்டர் முன்னால் இருக்கிற ஊர். மாட்ரிட்டில் இருந்து பொன்ஃபெராதா வரை ரயில், அங்கிருந்து பஸ். இந்த ஊரை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அங்குள்ள யாகப்பர் ஆலயத்தின் ஒரு பக்கவாசல். மன்னிப்பின் வாசல் என்று பெயர். அந்தக் காலத்தில் நோயாலோ காயத்தாலோ இதற்கு மேல் மலையேற முடியாது என்று ஆனவர்கள், அந்த வாசல் வரை வந்துவிட்டாலே சாந்தியாகோவைப் பார்த்த பலன் உண்டு என்று திருச்சபை அனுமதித்திருந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அங்க இருந்து தொடங்கலாம்" என்றார். எங்க வீட்டில் ஒரு வழிக்குக் கிடைத்த முதல் ஓட்டு அது.

அந்த வாசலைத் தாண்டினால் இரண்டாம் நாள் ஏற்றம் காத்திருக்கிறது. லாஸ் எர்ரெரியாஸ் என்ற சிற்றூரில் இருந்து ஓ செப்ரெய்ரோ உச்சி வரை எட்டு கிலோமீட்டரில் அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறி 1,300 மீட்டரைத் தொட வேண்டும். முதல் நாள் இருபது கிலோமீட்டர் சமதளத்தில் உடம்பைப் பழக்கிவிட்டு மறுநாள் காலையில் புதுத்தெம்போடு ஏறலாம் என்பது பிரெனேயைவிட இதில் உள்ள நல்ல அம்சம். உச்சியில் வைக்கோல் கூரை போட்ட வட்டக் கல்வீடுகள், ஒரு பழைய சர்ச். அந்த சர்ச்சில் பங்குத்தந்தையாக இருந்த எலியாஸ் வாலின்யா என்பவர்தான் 1984-ல் கையில் மஞ்சள் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், மறந்து கிடந்த இந்த வழி முழுக்க அம்புக்குறி போட்டவர். இன்றைக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் மேப் இல்லாமல் நடப்பது அந்த மஞ்சள் அம்பைப் பார்த்துத்தான். ஒரு சாமியார் ஒரு பெயின்ட் டப்பாவை வைத்து இவ்வளவு செய்திருக்கிறார். நம்ம பஞ்சாயத்தில் பெயர்ப் பலகை வைக்கச் சொல்லி எத்தனை மனு கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஏறுவதைவிட இறங்குவது மோசம். ஓ செப்ரெய்ரோவில் இருந்து த்ரியாகாஸ்தெலா வரை அறுநூறு மீட்டருக்கு மேல் இறக்கம், மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். கலீசியா மாநிலம் ஸ்பெயினிலேயே நன்றாக மழை பிடிக்கிற பகுதி, தர்மபுரியில் வருஷம் முழுக்கப் பெய்வதைப் போல இரண்டு பங்கு சாந்தியாகோவில் பெய்கிறது. அக்காவுக்கு வலது முட்டியில் ஏற்கெனவே தொந்தரவு. அவள் இந்த வழியை எதிர்ப்பதற்குக் காரணமே அந்த முட்டிதான்.

அக்காவின் கட்சி துய். போர்ச்சுகல் எல்லையில் மின்யோ ஆற்றைத் தாண்டியதும் வருகிற ஸ்பெயின் ஊர், சாந்தியாகோவுக்கு 118 கிலோமீட்டர் போல. பாலத்தின் அந்தப் பக்கம் போர்ச்சுகலில் மணி ஒன்று குறைவு, பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம் போய்விடும். இந்த வழியில் பெரிய மலை இல்லை, நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டராகப் பிரித்துக்கொண்டு எட்டு நாளில் சாவகாசமாக நடக்கலாம். கால்தாஸ் தெ ரெய்ஸ் என்ற ஊரில் பூமியில் இருந்தே வெந்நீர் வருகிறது, தெருவில் இருக்கிற தொட்டியில் நடந்து வந்தவர்கள் காலை ஊற வைக்கிறார்கள். அப்புறம் பத்ரோன். சந்தியாகப்பரின் உடலைப் பாலஸ்தீனத்தில் இருந்து கொண்டுவந்த படகைக் கட்டியதாகச் சொல்லும் கல், அந்த ஊர் சர்ச்சில் பீடத்துக்கு அடியிலேயே இருக்கிறது. கதைப்படி பார்த்தால் சந்தியாகப்பரே வந்த வழி இது, மற்றதெல்லாம் நாம் போட்ட வழி என்பது அக்காவின் வாதம். வாதம் பலமானதுதான், எனக்குப் பதில் இல்லை. அந்த ஊர் மிளகாயும் பேர்போனது, விரல் நீளப் பச்சை மிளகாயை எண்ணெயில் வதக்கிக் கல்லுப்பைத் தூவித் தட்டில் வைப்பார்கள், பத்தில் ஒன்றுதான் காரம், எது என்று கடித்தால்தான் தெரியும். நமக்கு பத்தும் காரமாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

துய்யில் எனக்குப் பிடிக்காத ஓர் இடம், தொடங்கிய அன்றே வருகிற ஓ பொர்ரின்யோ. நேர்கோடாகக் கிலோமீட்டர் கணக்கில் தொழிற்பேட்டை, இருபுறமும் ஷெட், லாரி. சிப்காட்டில் தினமும் பார்ப்பதைப் பார்க்க விசா எடுத்துப் போக வேண்டுமா? ஆற்றோரமாக ஒரு மாற்று வழி இருக்கிறது, போகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் நாள் இருப்பவர்கள் போர்ட்டோவில் இருந்தே தொடங்கலாம், அது 240 கிலோமீட்டர், எங்களுக்கு எட்டாது.

ஃபெரோல் துறைமுகத்தில் தொடங்கும் ஆங்கிலேய வழியையும் பார்த்தோம், அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கி நடந்த வழி, 115-120 கிலோமீட்டர். கூட்டம் குறைவு, அதனாலேயே தங்குமிடங்களும் குறைவு. பக்கத்து ஊரான ஆ கொருன்யாவில் தொடங்கினால் 73 கிலோமீட்டர்தான், நூறு தேறாது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். இரண்டாவது முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

எந்தத் துண்டை எடுத்தாலும் நம்ம நடைப் பழக்கத்தில் இரண்டு விஷயத்தை மாற்ற வேண்டும். ஒன்று, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வெயிலுக்கு முன் பாதி தூரத்தை முடிப்பது. செப்டம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்கவே எட்டு மணிக்கு மேல் ஆகிறது, மூன்று மணிக்கு எழுந்து டார்ச் அடித்தால் கூடத்தில் படுத்திருக்கிற முப்பது பேரும் எழுந்து திட்டுவார்கள். இரண்டு, வெறுங்கால். அம்மாவுக்கு இது சங்கடம்தான், ஷூ போட்டுக்கொண்டா கோயிலுக்கு நடப்பது என்று கேட்டார். சரளைக் கல்லும் மழைச் சேறுமாக 187 கிலோமீட்டர், அதுவும் பழகாத குளிரில், வெறுங்காலில் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். கடைசி நாள் பேராலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் கழற்றிவிடுகிறோம் என்பதில் சமாதானம் ஆனது. மற்றபடி செலவு நாளுக்கு 40 முதல் 50 யூரோ என்று வைத்திருக்கிறோம், அரசாங்கத் தங்குமிடத்தில் படுக்கை 10 யூரோ அளவில் கிடைக்கும், முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு முதல் கட்டில். விசா எனக்கு மட்டும்தான் வேண்டும், 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள், பெங்களூருக்கு ஒரு நாள் அலைச்சல். சந்தியாகப்பர் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வருகிற வருஷம் அங்கே புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த வருஷம் கூட்டம் நெரியும், எனவே அதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும் என்பதில் மட்டும் எங்க இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

வில்லாஃப்ராங்காவில் தொடங்குவதில் எனக்கே ஒரு வருத்தம் உண்டு. அதற்கு இரண்டு நாள் நடை முன்னால், 1,500 மீட்டர் உயரத்தில், உயரமான மரக்கம்பத்தின் உச்சியில் ஓர் இரும்புச் சிலுவை. வீட்டில் இருந்து கொண்டுவந்த கல்லை அதன் அடியில் போட்டுவிட்டுப் போவது வழக்கம், நூற்றாண்டுகளாகப் போட்ட கல் குன்றாகக் குவிந்திருக்கிறது. இது தெரிந்ததும் அம்மா அப்பாவின் கல்லறைப் பக்கம் இருந்து நெல்லிக்காய் அளவில் ஒரு கல்லைப் பொறுக்கி, கழுவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். நாங்கள் தொடங்குவதே அந்தச் சிலுவைக்கு இந்தப் பக்கம் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. பொன்ஃபெராதாவில் ஒரு நாள் முன்னதாக இறங்கி டாக்ஸியில் மேலே போய்க் கல்லை வைத்துவிட்டு வரலாமா என்று யோசிக்கிறேன், கை இருப்பாக வைத்த ஒரு நாள் அதற்குப் போய்விடும்.

இப்போதைக்கு மாட்ரிட் வரை டிக்கெட் போட்டாயிற்று. அங்கிருந்து பொன்ஃபெராதாவுக்கும் ரயில் இருக்கிறது, துய்க்குப் போக வீகோ வரையும் ரயில் இருக்கிறது, எனவே இரண்டு கட்சிக்கும் கதவு திறந்திருக்கிறது. மே மாசம் மாங்காய் சீசனுக்கு அக்கா ஊருக்கு வருகிறாள். ஐந்தாறு கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையில் தொடர்ந்து மூன்று நாள் ஏறி இறங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். மூன்றாம் நாள் இறங்கும்போது அவள் கைப்பிடிக் கல்லைப் பிடிக்காமல் இறங்கினால் வில்லாஃப்ராங்கா, பிடித்தால் துய். ஏமாற்றக் கூடாது என்பதற்காக அம்மா கீழே நிற்கிறேன் என்றிருக்கிறார்.